இன்லண்ட் லெட்டரை ஏன் ஒட்டினோம்?

கேள்வி:

அம்மா, எனக்கு 67 வயது. அஞ்சல் துறையில் 38 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, கும்பகோணம் பக்கத்தில் சப்-போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றேன். மனைவி காலமான பிறகு இரண்டு வருடமாகச் சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மகனோடு இருக்கிறேன். போன மாதம் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும்போது போன் நம்பர் கேட்டார்கள். எதற்கு என்று கேட்டேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், மகனுக்கு அவமானமாகிவிட்டது. "நாம என்ன திருடனாப்பா, மறைக்கறதுக்கு?" என்று காரில் வரும் வழியெல்லாம் கேட்டான். பத்து நாள் கழித்து, கல்லூரியில் முதல் வருடம் படிக்கும் பேத்தி என்னிடம் வந்து அழுதாள். அவள் போனில் எங்கே இருக்கிறாள் என்று காட்டும் ஆப் ஒன்றை மருமகள் போட்டிருக்கிறாள். பாதுகாப்புக்குத்தானே என்கிறாள் மருமகள். இப்போது குடியிருப்புச் சங்கத்தில் கேட்டில் முகத்தைப் பார்த்துத் திறக்கும் கேமரா வைக்கப் போகிறார்களாம். நான்தான் காலம் தெரியாமல் பேசுகிறேனா? பேசாமல் பழைய பட்டன் போனுக்கே போய்விடலாமா என்று தோன்றுகிறது. இவ்வளவு நாளும் கேட்ட இடத்திலெல்லாம் ஆதார் ஜெராக்ஸ் கொடுத்திருக்கிறேன். அதற்கு இனி ஏதாவது செய்ய முடியுமா?

பதில்:

அன்புள்ள ஐயாவுக்கு, வணக்கம்.

என் தொழில் தகவல் பாதுகாப்புத் தணிக்கை. வங்கிகளும் மருத்துவமனைகளும் வாடிக்கையாளரிடம் என்னென்ன விவரம் வாங்குகின்றன, அது எங்கே போய்ச் சேர்கிறது, யார் யார் கை படுகிறது என்று பார்த்துச் சொல்வது. 17 வருடமாக இந்த வேலைதான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கடையில் நீங்கள் கேட்ட "எதற்கு?" என்ற ஒரு வார்த்தையைத்தான் நாங்கள் பெரிய பெரிய அறிக்கைகளில் நூறு பக்கத்துக்கு எழுதுகிறோம். நீங்கள் காலம் தெரியாமல் பேசவில்லை.

உங்கள் மகனின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது?

உங்கள் கை வழியாக எத்தனை ஆயிரம் இன்லண்ட் லெட்டர் போயிருக்கும்! அதில் முக்கால்வாசியில் "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கி, மாடு கன்று போட்டதும் ஆற்றில் தண்ணீர் வந்ததும்தான் எழுதியிருக்கும். அதையும் மடித்து, பசை போதாவிட்டால் சோற்றுப் பருக்கையை வைத்துத் தேய்த்து ஒட்டித்தான் பெட்டியில் போட்டார்கள். அப்படி ஒட்டியவரை யாரும் திருடன் என்று நினைக்கவில்லை. இது அக்கா படிக்க வேண்டிய கடிதம், அக்கா மட்டும் படித்தால் போதும் என்று எழுதியவர் நினைத்தார். அதே ஆள் கல்யாணம் நிச்சயமானால் கார்டில் எழுதி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, வழியில் யார் படித்தாலும் படிக்கட்டும் என்று அனுப்பினார். எதை ஒட்டுவது, எதைத் திறந்து போடுவது என்ற முடிவு அவர் கையில் இருந்தது. அந்தரங்கம் என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் இதுதான்.

கிராமத்தில் எல்லோருக்கும் எல்லார் வீட்டு விஷயமும் தெரியுமே, அங்கே ஏது அந்தரங்கம் என்று மகன் அடுத்துக் கேட்கலாம். தெரியும்தான். ஆனால் திண்ணையில் உட்கார்ந்து நம்மைப் பார்த்தவரை நாமும் பார்த்தோம். அவர் யார் மகன், யாரிடம் போய்ச் சொல்வார் என்று நமக்குத் தெரியும். பத்து வருடத்தில் அவர் பாதியை மறந்துவிடுவார். கடை கம்ப்யூட்டரில் ஏறிய நம்பரை அது தானாக மறக்காது. அதைப் பார்ப்பவர் யாரென்று நமக்குத் தெரியாது, அவர் அதை யாருக்குக் கொடுத்தார் என்பது கொஞ்சமும் தெரியாது.

இன்னொன்றும் உங்களுக்கு எளிதாகப் புரியும். தபால் பிரிக்கிறவர் உறையைத் திறப்பதே இல்லை. ஆனாலும் மாதம் பிறந்தால் சிங்கப்பூர் ஏர்மெயில் வருகிற வீடு எது, வக்கீல் நோட்டீஸ் வருகிற வீடு எது, மூன்று மாதமாக மகனிடமிருந்து மணியார்டர் வராத வீடு எது என்று அவருக்குத் தெரியும். உறையின் மேல் இருப்பதை வைத்தே ஒரு வீட்டின் கதையைச் சொல்லிவிடலாம். இன்றைய வியாபாரத்தில் பெரும்பகுதி அந்த உறைமேல் எழுத்தை வைத்துத்தான் நடக்கிறது. வாட்ஸ்அப்பில் 2016 முதல் செய்தியின் உள்ளடக்கம் பூட்டப்பட்டுத்தான் போகிறது, நிறுவனமே அதைப் படிக்க முடியாது. ஆனால் யார் யாரோடு எப்போது, எத்தனை முறை பேசினார் என்பது உறையின் மேல் இருக்கிறது.

கடையில் கேட்கும் அந்தப் பத்து இலக்கம் இங்கேதான் வருகிறது. துணி வாங்கியது ஒரு கடை, மாத்திரை வாங்கியது இன்னொரு கடை, ரத்தப் பரிசோதனை வேறு இடம். மூன்றும் தனித்தனிப் பூ. ஒரே போன் நம்பர் மூன்றிலும் இருந்தால் அதுதான் நார், மாலையாகக் கட்டிவிடலாம். என் அம்மாவுக்கு நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு பரிசோதனை மையத்தில் சர்க்கரை அளவு பார்த்தோம். ரிப்போர்ட் மாலை ஆறு மணிக்கு வந்தது. மறுநாள் காலையிலிருந்து சர்க்கரையைக் குறைக்கும் பொடி, பாத மசாஜ் கருவி, முதியோர் காப்பீடு என்று அழைப்பு மேல் அழைப்பு. அம்மா பயந்துபோய், "எனக்கு ரொம்ப முத்திடுச்சாடி, இவங்களுக்கெல்லாம் எப்படித் தெரியும்?" என்று கேட்டார். இந்தத் தொழிலில் இருந்தும் அன்றைக்கு அவருக்கு என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. கேட்ட இடத்தில் நம்பர் கொடுத்தால் என்ன ஆகிவிடும் என்று யார் கேட்டாலும் எனக்கு அம்மாவின் அந்தக் கேள்விதான் ஞாபகம் வரும்.

சரி, கடைக்கு வருவோம். பில் போட நம்பர் தேவையே இல்லை. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, நம்பர் கொடுத்தால்தான் பில் என்று வாடிக்கையாளரை வற்புறுத்தக் கூடாது, அது நியாயமற்ற வணிக நடைமுறை என்று சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அடுத்த முறை விவாதம் வேண்டாம். "நம்பர் வேண்டாம்மா, காகித பில் கொடுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். அங்கே நிற்கும் பெண்ணும் மாதச் சம்பளத்துக்கு நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவள். நம்பர் கேள் என்று மேலே இருப்பவர்கள் சொன்னதைத்தான் அவள் செய்கிறாள். நான் பார்த்தவரை, அமைதியாகச் சொன்னால் பத்தில் எட்டுக் கடையில் அப்படியே பில் போட்டுத் தந்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து பொருத்த வேண்டிய ஃப்ரிட்ஜோ வாஷிங் மெஷினோ வாங்கினால் நம்பர் கொடுக்கத்தான் வேண்டும், அங்கே அதற்கு வேலை இருக்கிறது. வேலைக்குத் தகுந்த விவரம். நான் தணிக்கையில் பிடித்துக்கொண்டிருக்கும் அளவுகோல் இது ஒன்றுதான். வீட்டிலும் இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆதார் விஷயம் கடையைவிடக் கனமானது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கொடுத்த ஜெராக்ஸைத் திரும்ப வாங்க முடியாது. லாட்ஜிலும் சிம் கடையிலும் கொடுத்தவை எங்கே இருக்கின்றன என்று அவர்களுக்கே தெரியாது. ஆனால் அந்த நகலை வைத்து மற்றவர் செய்யக் கூடியதைக் குறைக்க முடியும். முதல் வேலையாக ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலோ ஆப்பிலோ உங்கள் கைரேகை, கருவிழி இரண்டையும் பூட்டுங்கள். பயோமெட்ரிக் லாக் என்று இருக்கும், கட்டணம் கிடையாது. பூட்டிவிட்டால் உங்கள் விரல் ரேகையை வைத்து யாரும் எங்கேயும் சரிபார்க்க முடியாது. உங்களுக்குத் தேவைப்படும் நாளில் நீங்களே கொஞ்ச நேரத்துக்குத் திறந்துகொள்ளலாம். ஓடிபி வர ஆதாரில் உங்கள் இப்போதைய போன் நம்பர் சேர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் ஆதார் மையத்துக்குப் போய் அதைச் சேர்த்துவிடுங்கள்.

கைரேகைக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பீர்கள். ஆதார் எண்ணையும் விரல் ரேகையையும் வைத்து, கார்டு, பின் நம்பர், ஓடிபி எதுவும் இல்லாமல் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் வசதி நம் நாட்டில் இருக்கிறது. உங்கள் துறையின் அஞ்சல் பேமெண்ட்ஸ் வங்கி 2018 செப்டம்பரில் வந்த பிறகு, தபால்காரர் கையடக்கக் கருவியோடு வீட்டு வாசலுக்கே வந்து முதியோர் ஓய்வூதியத்தைக் கொடுப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பஸ் ஏறிப் போய் வங்கியில் கால் கடுக்க நின்ற பாட்டிக்கு அது எத்தனை பெரிய நிம்மதி! அந்த வசதியை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதே வழியில் திருட்டும் நடந்தது. ஹரியானா, தெலங்கானா போன்ற மாநிலங்களில், நிலப் பத்திரத்தில் வைத்த கட்டைவிரல் ரேகையைப் பிரதி எடுத்து, போலி ரேகை செய்து மோசடி செய்தவர்களைக் காவல் துறை பிடித்திருக்கிறது. பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரல் போனால் வேறு விரலுக்கு எங்கே போவது? அதனால்தான் பூட்டச் சொல்கிறேன். வாசலில் பென்ஷன் வாங்கும் உறவினர் யாராவது ஊரில் இருந்தால், பூட்டும் முன் யோசியுங்கள். மாதாமாதம் திறந்துகொடுக்க ஆள் இல்லாவிட்டால் அவருக்கு இது தொல்லைதான். அவருக்கு அந்தக் கணக்கில் தேவைக்கு மேல் பணம் வைக்காமல் இருப்பது நல்ல வழி.

இனி நகல் கேட்டால் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். மாஸ்க்டு ஆதார் என்று அதே இணையதளத்தில் இறக்கிக்கொள்ளலாம். 12 இலக்கத்தில் கடைசி நான்கு மட்டும் தெரியும், மற்றபடி பெயரும் படமும் அப்படியே இருக்கும். இரண்டு பிரதி எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். நகலின் குறுக்கே தேதியும் இன்ன காரியத்துக்காக என்றும் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். தேதி முத்திரையின் மதிப்பு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடந்த 6 மாதங்களில் உங்கள் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும் அங்கேயே கிடைக்கும், ஒரு முறை எடுத்துப் பாருங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்கலாம். தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் செய்து துண்டிக்கச் சொல்லலாம். சிம் கடைகளில் ஜெராக்ஸ் கொடுத்த எல்லோரும் இதைப் பார்க்க வேண்டும். கணக்கில் பணம் போய்விட்டால் வங்கிக்கு ஓடுவதற்கு முன்பே 1930க்கு அழையுங்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அழைத்தால்தான் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

பட்டன் போனுக்குப் போக வேண்டாம். அதுவும் டவரோடு பேசிக்கொண்டுதான் இருக்கும், நீங்கள் எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள் என்பது தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரியும். பேத்தியின் வீடியோ அழைப்பும் ரயில் டிக்கெட்டும் போய்விடும், கூடவே உங்கள் தன்மானமும் கொஞ்சம் போகும். ஒவ்வொன்றுக்கும் மகனை எதிர்பார்த்து உட்கார வேண்டியிருக்கும். அதற்குப் பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அமைப்புகள் பகுதிக்குப் போய், ஒவ்வொரு ஆப்பும் என்ன அனுமதி வாங்கியிருக்கிறது என்று பாருங்கள். டார்ச் ஆப்புக்கு மைக் எதற்கு? காலண்டர் ஆப்புக்கு இருப்பிடம் எதற்கு? தேவையில்லாததை எடுத்துவிடுங்கள். இருப்பிடம் வேண்டியவற்றுக்கு, பயன்படுத்தும்போது மட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். புதிய ஆண்ட்ராய்டு போன்களில் துல்லியமான இடம் வேண்டாம், தோராயமாகப் போதும் என்றும் சொல்லலாம். மழை வருமா என்று சொல்லும் ஆப்புக்கு உங்கள் தெரு தெரிய வேண்டியதில்லை, ஊர் தெரிந்தால் போதும்.

தொடர்புப் பட்டியலை மட்டும் மிக யோசித்துக் கொடுங்கள். ஏனென்றால் அது நம்முடையது இல்லை. உங்கள் போனில் இருக்கும் 300 நம்பரும் 300 பேர் உங்களை நம்பிக் கொடுத்தது. உடனடிக் கடன் ஆப்கள் இதை வைத்து ஆடிய ஆட்டம் தெரியுமல்லவா? கடன் வாங்கியவரின் மாமனாருக்கும் மேலாளருக்கும் அழைத்துக் கேவலப்படுத்தினார்கள், படத்தை ஆபாசமாக மாற்றி அனுப்பினார்கள். அதைத் தாங்க முடியாமல் உயிரை விட்டவர்கள் உண்டு. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில், கடன் ஆப்கள் போனின் தொடர்புப் பட்டியலையும் அழைப்பு விவரங்களையும் படங்களையும் தொடக் கூடாது என்று விதி போட்டது. விதிக்குக் கட்டுப்படாத ஆப்கள் இன்னும் உலவுகின்றன. சில ஆயிரம் ரூபாய்க்கு அவசரப்பட்டு அனுமதி கொடுத்தவர் ஒருவர், அதில் மானம் போனது அவரோடு பேசிப் பழகிய எல்லோருக்கும்.

இப்போது பேத்தி. இதைச் சட்டத்தாலோ தொழில்நுட்பத்தாலோ தீர்க்க முடியாது என்பதால் தயங்கித்தான் எழுதுகிறேன். உங்கள் மருமகளின் பயம் பொய்யான பயம் இல்லை. ராத்திரி எட்டு மணிக்குப் பெண் பிள்ளை வரவில்லையென்றால் அடிவயிற்றில் என்ன செய்யும் என்று எனக்கும் தெரியும், எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். ஆனால் முதல் வருடக் கல்லூரி என்றால் 18 ஆகியிருக்கும் அல்லது ஆகப் போகிறது. அவளுக்குச் சொல்லிவிட்டு வைத்ததா, சொல்லாமல் வைத்ததா? அவள் அழுததைப் பார்த்தால் சொல்லாமல் வைத்தது போலத்தான் தெரிகிறது. சொல்லாமல் வைத்த ஆப் இரண்டு விஷயத்தைக் கற்றுக்கொடுக்கும். அம்மா என்னை நம்பவில்லை என்பது ஒன்று. போனை விடுதித் தோழியிடம் கொடுத்துவிட்டு வெளியே போகலாம் என்பது இன்னொன்று. இரண்டாவது ஆபத்தானது. உண்மையிலேயே சிக்கலில் மாட்டிக்கொண்ட நாளில் அவள் கையில் போன் இருக்காது.

வாட்ஸ்அப்பில் இருப்பிடத்தை 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று அளவு வைத்து அனுப்பலாம். எங்கள் வீட்டில் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. இரவு ஆட்டோ ஏறினால், தனியாக வெளியூர் போனால் அவளே அனுப்புவாள், வீடு வந்து சேர்ந்ததும் நின்றுவிடும். வேறு நேரத்தில் நாங்கள் கேட்பதில்லை. நானும் அவள் அப்பாவும் அதேபோல் அவளுக்கு அனுப்புகிறோம். இது பெரியவர்களுக்கும் பொருந்தினால்தான் பிள்ளைகளுக்கு நியாயமாகத் தெரியும். மருமகளிடம் நீங்கள் நேரடியாகப் பேசினால் மாமனார் தலையிடுகிறார் என்று ஆகிவிடலாம். பேத்தியையே அம்மாவிடம் இந்த யோசனையோடு பேசச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

அரசாங்கம் நம்மைப் பார்ப்பது தனிக் கதை. நீங்கள் அஞ்சல் துறைக்காரர் என்பதால் கொஞ்சம் சொல்லாமல் விட மனமில்லை. நீங்கள் வேலை பார்த்த காலம் முழுக்க நடப்பில் இருந்த 1898ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டம், வெள்ளைக்காரன் போட்டது. அதில்கூட அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு, பொது அமைதி என்று காரணம் இருந்து, எழுத்தில் உத்தரவு வந்தால்தான் கடிதத்தை இடைமறிக்கலாம். அதன் இடத்தில் 2023இல் வந்த புதிய சட்டத்தில் காரணங்களின் பட்டியல் நீண்டுவிட்டது. எனக்கு அது கவலை தருகிறது. இன்னொரு பக்கம் நீதிமன்றங்கள் நம் பக்கம் கணிசமாக நின்றிருக்கின்றன. 1994இல் தமிழ்நாட்டிலிருந்து போன ராஜகோபால் வழக்கில், ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை வெளியிடுவது பற்றிய வழக்கு அது, தன்னைத் தன் போக்கில் விட்டுவிடச் சொல்லும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்றது உச்ச நீதிமன்றம். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். வழக்குப் போட்ட புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அதைப் போட்டபோது அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. காலம் தெரியாமல் பேசுகிறோமோ என்று நீங்கள் கேட்டபோது அவர்தான் எனக்கு நினைவுக்கு வந்தார். 2025 ஜூலையில் நம் சென்னை உயர் நீதிமன்றம், பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ காரணமாக இல்லாமல், குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்கு என்று மட்டும் சொல்லி ஒருவரின் போனை ஒட்டுக்கேட்கச் சட்டம் இடம் தரவில்லை என்று தீர்ப்பளித்து, ஓர் ஒட்டுக்கேட்பு உத்தரவையே ரத்து செய்தது.

நிறுவனங்களுக்கு 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எதற்கு என்று சொல்லிவிட்டுத்தான் விவரம் வாங்க வேண்டும், அந்த வேலைக்குத் தேவையானதை மட்டும் வாங்க வேண்டும், கொடுத்த சம்மதத்தைக் கொடுத்த அளவுக்கு எளிதாகவே திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். சட்டத்தை மீறினால், மீறலின் வகையைப் பொறுத்து 250 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன, நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடப்புக்கு வரும். அரசுக்கு இந்தச் சட்டத்தில் கிடைத்திருக்கும் விலக்கு மிகப் பெரியது, அதில் எனக்கு உடன்பாடு இல்லை. இருந்தாலும் அந்தக் கடமைகள் நடப்புக்கு வந்ததும், கடைக்காரனைப் பார்த்து எதற்கு என்று கேட்க உங்கள் கையில் சட்டமும் இருக்கும்.

கடைசியாகக் கேட். இதற்கு நாள் குறைவாக இருப்பதால் முதலில் எழுதியிருக்க வேண்டும், ஆனால் மேலே சொன்னதெல்லாம் இதற்குத் தேவைப்படுகிறது.

முகமும் விரல் மாதிரிதான், ஒன்றுதான் இருக்கிறது. அதனால் பொதுக்குழுவில் எழுந்து இவற்றைக் கேளுங்கள். முகப் பதிவு யாருடைய கம்ப்யூட்டரில் இருக்கும், சங்கத்துடையதா அந்த நிறுவனத்துடையதா? யார் யார் பார்க்க முடியும்? எத்தனை நாளில் அழியும்? வாடகைக்கு இருப்பவர் காலி செய்துகொண்டு போனால் அவர் முகம் அன்றே நீக்கப்படுமா? ஒப்பந்தம் முடிந்து நிறுவனம் மாறினால் பழையவர்கள் அதை என்ன செய்வார்கள்? முகம் கொடுக்க விரும்பாதவருக்குக் கேட்டைத் திறக்கக் கார்டு உண்டா? எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கி நிர்வாகக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். கார்டு உண்டு என்ற ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வேறு வழி இல்லாத இடத்தில் வாங்கும் சம்மதத்தை நான் சம்மதம் என்று எழுத மாட்டேன்.

கூட்டத்தில் பேசப் போகிறவர்கள் எல்லோரும் வீட்டுச் சொந்தக்காரர்கள். அவர்களுக்குக் கேமரா என்பது ஒரு நாளைக்கு இரண்டு முறை கதவைத் திறந்துவிடும் பொருள். அந்தக் கேமராவின் முன்னால் உண்மையில் நிற்கப் போவது சமையல்கார அம்மா, கார் துடைக்கும் பையன், இஸ்திரிக்காரர், சாப்பாடு கொண்டுவரும் இளைஞர்கள். இப்போதே பல குடியிருப்புகளின் கேட் ஆப்பில், வீட்டு வேலை செய்கிறவர் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எந்தெந்த வீட்டுக்குப் போகிறார், எப்போது வெளியே போனார் என்பது குடியிருப்பவர்களின் போனில் வருகிறது. சிலவற்றில் அவருக்கு நட்சத்திர மதிப்பெண் வேறு. அவருக்கு அந்த ஆப்பே கிடையாது. தன்னைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க முடியாது, வேண்டாம் என்று சொன்னால் வேலை போய்விடும். எல்லோரும் வசதி என்று சொல்வதன் விலையை இங்கே கொடுப்பவர் வேறு ஆள். ஒரு வீட்டில் பத்து நிமிடம் தாமதம் என்று நான்கு வீட்டில் பேச்சு வாங்கிய ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். அன்றைக்கு அவர் பிள்ளைக்குக் காய்ச்சல்.

அதனால் நீங்கள் எழுந்து பேசும்போது, உங்கள் முகத்தைப் பற்றி மட்டும் பேச வேண்டாம். கூட்டத்துக்கு முன்னால், உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா வரும்போது உட்கார வைத்து, இந்தக் கேமரா என்ன செய்யும் என்று இன்லண்ட் லெட்டர் படித்துக் காட்டுவது போல நிதானமாகச் சொல்லுங்கள். அவருக்கு என்ன தோன்றுகிறது என்று கேளுங்கள். அவர் பெயரைச் சொல்லாமல், அவர் சொன்னதை அப்படியே கூட்டத்தில் வையுங்கள். உங்கள் மகனையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்